துரையின் ஊர்ப் பேச்சு

மேகமலையில் நான் குமாஸ்தாவாக இருந்த தேயிலை எஸ்டேட்டில், பெரிய துரையின் பங்களாவுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டு இருந்தது. அதற்குள் கோழிகள் எப்படி வந்தன என்பது துரை ஒருவரைத் தவிர எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சேர்வதற்கு முந்தி நடந்தது அது. தொழிலாளர் வீடுகளின் கோழிகள் பங்களாத் தோட்டத்தில் புகுந்து பூச்செடிகளைக் கிளறிப் போட்டுவிட்டன. காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், துரை முகம் சிவந்து இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் "யெஸ் சார்" என்றார்கள். அவர் போன பிறகு எல்லோரும் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் கூடி, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தார்கள். அத்தனை பேச்சிலும் 'கோழி' ஒன்றுதான் அவர்கள் காதில் தெளிவாக விழுந்திருந்தது. துரை கோழி கேட்கிறார், இத்தனை நாள் கொடுக்காமல் இருந்ததால்தான் கோபம் என்று முடிவானது. சாயங்காலம் ஆறு கோழிகளைக் காலைக் கட்டி பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். துரை அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்புறம் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னாராம். அவர் கோபித்துக்கொண்டதற்கு ஜனங்கள் சமாதானமாகக் கோழி கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆபீசுக்கு முட்டை வந்துகொண்டிருந்தது.

துரை சொன்னதைத் திரும்பக் கேட்கிற வழக்கம் அந்த எஸ்டேட்டில் கிடையாது. கேட்கக் கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. கேட்டால் கேட்டவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஆகிவிடும், இல்லையென்றால் துரைக்குப் பேசத் தெரியவில்லை என்று ஆகிவிடும். முதலாவது வேலைக்கு ஆபத்து. இரண்டாவது மரியாதைக்கு. ஆகவே முன்னால் "யெஸ் சார்", பின்னால் கொட்டகையில் ஆலோசனை. இந்த ஆலோசனைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ரெண்டாம் பெரட்டு. மலையாளியான ஹெட்கிளார்க்தான் தலைமை. ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர், மருந்து கொடுக்கும் கம்பவுண்டர், மேஸ்திரிகள் எல்லோரும் தங்கள் காதில் விழுந்ததைச் சொல்வார்கள். அதிகம் பேர் சொல்வது எதுவோ அதுதான் துரையின் உத்தரவு. பன்னிரண்டு வருஷம் எஸ்டேட் இப்படித்தான் நடந்தது. இதில் ஆச்சரியம், மோசமாகவும் நடக்கவில்லை.

எனக்கு ஊர் கீழே ராயப்பன்பட்டி. கோயில் மணி, நெல் வயல், தென்னந்தோப்பு, அதைத் தாண்டி எதுவும் பேச்சில் வராத ஊர். எனக்கோ சின்ன வயதிலேயே இங்கிலீஷ் பைத்தியம் பிடித்துவிட்டது. புத்தகத்தில் இருக்கும் இங்கிலீஷைவிட வாயில் இருக்கும் இங்கிலீஷ்மேல்தான் மோகம். பள்ளிக்கூடத்து ஃபாதர் மங்களூர்க்காரர். அவர் இங்கிலீஷ் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் ஏறி ஏறி உச்சியில் போய் நிற்கும். உத்தமபாளையம் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர் நாகர்கோவில் பக்கத்தவர். அவருடைய இங்கிலீஷ் படியிறங்கி வரும். ரேடியோவில் பேசுகிறவர்களின் இங்கிலீஷ் ஏறவும் இறங்கவும் செய்யாது, தண்ணீர் தேங்கினதுபோல் நிற்கும். இவை எல்லாம் ஒரே பாஷையா என்று யோசித்து யோசித்து ஒரு நோட்டுப் போட்டேன். யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று தமிழ் எழுத்தில் எழுதி வைப்பேன். இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். தமிழில் எழுதும்போதுதான் ஆளாளுக்கு வாய் எப்படிப் போகிறது என்று தெரிகிறது.

பி.ஏ. முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தபோது மேகமலையில் குமாஸ்தா வேலை வந்தது. "ஒரு வருசம் மேல இருந்துட்டு வாடா, பெறகு பாத்துக்கலாம்" என்றார் அப்பா. வெள்ளைக்காரத் துரை இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக நான் குதித்துக்கொண்டு போனேன். அசல் இங்கிலீஷை ஊற்றுக்கண்ணிலேயே குடிக்கலாம் என்று நினைப்பு.

சின்னமனூரிலிருந்து ஏறிய டப்பால் ஜீப் தபால் பையோடு என்னையும் இறக்கிவிட்டது. அன்று பெய்துகொண்டிருந்த மழை அப்புறம் நின்றதாக எனக்கு நினைவில்லை. தகரக்கூரை போட்ட அறை. கயிற்றுக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மலைப்பனி மஞ்சு உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். மூடினால் அறை நனைந்த கம்பளி நாற்றம் அடிக்கும். சாலை ஒன்றுதான், ஜீப் ஒன்றுதான், அது கீழே போக வேண்டுமென்றால் ஹெட்கிளார்க் சீட்டு எழுத வேண்டும். நடந்து இறங்கலாம், அட்டையும் யானையும் விட்டால்.

முதல் வாரம் துரை பேசியது எனக்கும் புரியவில்லை. வெட்கமாக இருந்தது. நானும் "யெஸ் சார்" சொன்னேன். ரெண்டாம் பெரட்டில் நின்றுகொண்டு காலால் மண்ணைக் கிளறினேன்.

டீமேக்கர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். அவருக்குத் தமிழோ இங்கிலீஷோ, 'மென்' என்று ஒட்டாமல் வாக்கியம் முடியாது. "வாட் மென், பி.ஏ. படிச்ச ஆளு வருதுன்னு சொன்னாக. நீயும் எங்களப்போலத்தானா?" என்றார்.

"ரேடியோவுல பேசுறது எல்லாம் எனக்கு விளங்கும்ணே."

"அப்ப ரேடியோவத் தொரையாப் போடச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, துரை வாயிலிருந்து அந்த வாரம் விழுந்ததை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதினேன். வீட்டுக்கு அவர் சொன்னது 'ஹூஸ்'. வெளியே என்பதற்கு 'ஊட்'. என்ன என்பதற்கு 'ஃபிட்'. தெரியும் என்பதற்கு 'கென்'. ரகரம் வந்த இடமெல்லாம் எங்கள் றகரம்போல நாக்கு அடித்துக்கொண்டது. எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பும் தவறுமாக இறைந்து கிடக்கவில்லை அவை. எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தன. மதுரையில் நான் "அப்பா வந்தாக" என்று சொன்னபோது ஒரு கடைக்காரர் சிரித்தது ஞாபகம் வந்தது. "வந்தாங்க"ன்னு சொல்லத் தெரியாதா என்றார். அவருக்கு நான் தமிழ் தெரியாதவன். எங்கள் ஊரிலோ எல்லோரும் அப்படித்தான். அங்கனயும் இங்கனயும்தான் எங்களுக்கு வாய்.

துரை பேசியது அவருடைய ஊர்ப் பேச்சு.

விஷயம் அவ்வளவுதான். அவர் ஸ்காட்லாந்தில் வடக்கே மீன்பிடிக்கிற ஓர் ஊர்க்காரர் என்று அப்புறம் தெரிந்தது. அசல் இங்கிலீஷ் என்று நான் தேடி வந்தது எங்கேயும் இல்லை. ராயப்பன்பட்டி மாதிரி ஒரு ஊர்தான் எனக்கு எதிரே தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. அது தெரிந்ததும் பத்து நாளில் அவர் பேச்சு எனக்குத் திறந்துகொண்டது. என்னை அவர் 'லூன்' என்று கூப்பிடுவார். அவர் ஊரில் இளவட்டப் பையனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நோட்டில் அதற்கு நேராக 'ஏலே' என்று எழுதினேன். அதற்குமேல் பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் இதுவரை செய்ததில்லை. அவர் பேசியதை இங்கே அச்சுத் தமிழில் எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுவேன்.

ஒருநாள் ரெண்டாம் பெரட்டில், ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டு வாய்க்காலை அடைக்கச் சொல்கிறார் என்று முடிவாகி, மேஸ்திரி மண்வெட்டியைத் தோளில் வைத்துவிட்டார்.

"அடைக்க இல்ல சார்" என்றேன். "அடைச்சுக் கெடக்கு, தொறந்து விடுங்கன்னு சொன்னாக."

ஹெட்கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். "எடோ, நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

திறந்துவிட்டார்கள். மறுநாள் துரை அந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். இன்னும் நாலைந்து தடவை சோதித்தார்கள். அடுத்த மாதம் என் மேஜை துரை அறைக் கதவை ஒட்டிப் போடப்பட்டது. ரெண்டாம் பெரட்டில் வாக்கெடுப்பு நின்றது. எல்லோரும் வருவார்கள், நான் சொல்வேன், கலைவார்கள். மகாராஜாவுக்கு அடுத்தபடி நான்தான் என்று ஒரு மூன்று மாதம் மிதந்தேன் என்பதை மறைக்கவில்லை.

அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரை காட்டைச் சுற்றுவார், வழியில் ஏதாவது சொல்வார். அடுத்தது லீவு. ஊரில் கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். முதல் நாள் சப்பரம் தெருமுனை திரும்பவில்லை, கூட்டத்துக்குப் பின்னால் எஸ்டேட் ஜீப் ஹாரன் அடித்தது.

டிரைவர் வாசலில் நின்று அம்மாவிடம், "தொரை காலையில என்னமோ சொல்லிப்புட்டாகத்தா. ஒருத்தருக்கும் விளங்கல. ஒங்க மகனக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாக" என்றார்.

"அவுக சொல்றது விளங்கலன்னா அவுகளயே கேக்கலாம்ல? என் பிள்ளை சோறுகூடத் திங்கல."

"அதெப்பிடித்தா தொரையவே கேக்குறது" என்றார் டிரைவர், கேட்கக் கூடாததைக் கேட்டவர்போல.

ஜீப்பில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஊர் இடம் மாறி மாறித் தெரிந்து, கடைசியில் மஞ்சுக்குள் போய்விட்டது. மேலே போனால் விஷயம், துரையின் நாய்க்குக் காதில் புண், கம்பவுண்டரிடம் களிம்பு வாங்கி வாருங்கள் என்பது. அதைத் தெரிந்துகொள்ளக் காலையிலிருந்து ஏழு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். களிம்புதான் என்று நான் சொன்னதும் ஹெட்கிளார்க் என் தோளைத் தட்டி, "மோனே, நீ இல்லாட்டி எங்க கதி என்னாகும்" என்றார். அன்று ராத்திரி கட்டிலில் கிடந்து இதுதான் என் ஆயுசு என்று தோன்றியது. வேலை தெரியாதவனை விரட்டுவார்கள். அளவாகத் தெரிந்தவன் மாற்றல் வாங்கிக்கொண்டு போவான். எனக்கு, வேறு எவருக்கும் தெரியாத ஒன்று தெரிந்துபோனது. இங்கிலீஷ் என்னை உலகத்துக்குக் கூட்டிப்போகும் என்று நினைத்தேன். அது என்னை ஒரு மனிதரின் வாசலில் கட்டிப்போட்டிருந்தது.

இரண்டாவது வருஷம், டப்பாலில் வந்த பேப்பரில் தூத்துக்குடிக் கப்பல் ஏஜென்சி ஒன்று ஆள் கேட்டிருந்தது. பல தேசத்துக் கப்பல்காரர்களுடன் பேசும் வேலை. பல் வலி என்று சொல்லி இரண்டு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். அங்கே எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அன்று தோணியில் கரைக்கு வந்திருந்த கிரேக்கக் கேப்டன் ஒருவரை எதிரே உட்காரவைத்து, இவர் சொல்வதைக் கேட்டு எழுது என்றார்கள். அவர் பேசியதும் நாலு நிமிஷம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்தாவது நிமிஷம் அவர் சொற்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே உப்புக் காற்று; துறைமுகத்தில் எந்தெந்த ஊர் வாய்களோ கத்திக்கொண்டிருந்தன. அங்கேயே தங்கிவிட வேண்டும்போல் இருந்தது.

வேலை கிடைத்தது. முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும். பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டும். இருபத்தி ரெண்டு நாள் இருந்தது.

ஹெட்கிளார்க்கிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அவர் எழுத்தில் பெரிய ஆள். அவர் எழுதும் இங்கிலீஷ் கடிதத்தைத் துரை ஒரு புள்ளி மாற்றாமல் கையெழுத்துப் போடுவார். எழுத்தில் அவர்கள் இருவரும் ஒருதாய் மக்கள். வாய் திறந்தால்தான் ஒருவருக்கொருவர் அந்நியம். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். இழுப்பறையைத் திறந்தார், உள்ளே வைத்தார், பூட்டினார்.

"சீசன் கழியட்டும்" என்றார்.

"முதல் தேதிக்குள்ள போகணும் சார்."

"நீ போயா பின்னே நான் எந்தா செய்யும்? பன்னெண்டு வருஷம் அந்த ஆளு முன்னால நின்னு தலையாட்டியாச்சு. இனி போய் எனக்கு ஒண்ணும் மனசிலாகலைன்னு சொல்ல முடியுமா? எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது."

கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் வைக்க முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தினமும் எனக்குத் தன் வீட்டிலிருந்து மீன்குழம்பு கொண்டுவருபவர். பத்து நாள் போனது. பன்னிரண்டு போனது. அந்த இழுப்பறையின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டு என் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவரைத் தாண்டித் துரையிடமே போவது என்று தீர்மானித்தேன். பதினாறாவது நாள். ஒன்பதாம் நம்பர் காட்டைப் பார்க்க அவர் போனபோது நோட்டும் குடையுமாகப் பின்னால் போனேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கினோம். நாய் உடம்பை உதறி என் வேட்டியை நனைத்தது.

நான் சொன்னேன். தூத்துக்குடி, கப்பல், முதல் தேதி, ஹெட்கிளார்க் பூட்டி வைத்திருக்கும் விண்ணப்பம், எல்லாம்.

துரை குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டே கேட்டார். அப்புறம், "நல்லதுதாண்டா ஏலே. கப்பல் வேல ஒனக்குப் பொருந்தும்" என்றார். "எங்க அப்பனுங்கூடக் கடலுதான்."

குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

"ஆனா ஹெட்கிளார்க்கு ஒன்னய விட முடியாதுன்னு இருக்காரே. அது ஏன்? நீ பாக்குறது டப்பாலும் கொழுந்துக் கணக்கும். எவன் வேணாலும் பாக்கலாம். அவரு காரணமில்லாம ஒண்ணு சொல்ற ஆளு இல்ல. என்ன காரணம்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. இவர்கள் யாருக்கும் நீங்கள் பேசுவது புரியாது, துரை. பன்னிரண்டு வருஷமாகப் புரிந்ததில்லை. நான் போனால் அது வெளியே வந்துவிடும், அதனால்தான்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மழையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"நல்ல சனம்டா இவுக. நான் மொத மொத லண்டன் ஆபீசுக்குப் போனப்ப, நான் வாயத் தொறந்தா போதும், 'என்ன சொன்னீக, என்ன சொன்னீக'ம்பானுக. அவனுகளும் இங்கிலீசு, நானும் இங்கிலீசு. ஒரு நாளைக்கு நாப்பது தடவ. பெறகு நான் பேசுறதயே கொறச்சுக்கிட்டேன். கல்கத்தாவுலயும் அதே கததான். இங்கன வந்து பன்னெண்டு வருசமாச்சு. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, என்னயத் திருப்பிக் கேட்டதில்ல. அதான் ஊருக்குக் கூடப் போகாம இங்கனயே கெடக்கேன்."

மழை சில்வர் ஓக்கின் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"காரணம் தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது சார்" என்றேன்.

"அப்ப அவரயே கேட்டுக்க. அவரு சரின்னா நான் கையெழுத்துப் போடுறேன்."

"யெஸ் சார்."

திரும்பி நடந்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு இழுப்பறைக்குள்ளிருந்து தப்பிக்கப் போய், அதைவிடப் பெரிய ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டேன். பொய்யாகத் தலையாட்டிய ஏழு பேரும், அந்தத் தலையாட்டலை நம்பி ஊரை விட்ட ஒருவரும், இரண்டையும் தெரிந்த நானும் அதற்குள் இருந்தோம்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் ஹெட்கிளார்க் எழுந்து நின்றுவிட்டார். நான் துரையோடு போனதைப் பார்த்திருக்கிறார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"எங்களுக்கு மனசிலாகாதுன்னு சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"எங்களப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"ஏன் சொல்லல?"

மரத்தடியில் துரை சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அதுதான். "மனசு வரல" என்று மட்டும் சொன்னேன். ஹெட்கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. அடுத்த மூன்று நாளும் பேசவில்லை. மீன்குழம்பு மட்டும் வந்தது.

இன்னும் இரண்டு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டு. துரை வந்தார். நாய் வந்தது. எல்லோரும் வரிசையாக நின்றோம். அவர் தன் வழக்கப்படி மழை கொட்டுவதுபோலப் பேசினார்: "ஒம்பதாம் நம்பர்க் காட்டுல செடியக் கவ்வாத்து வெட்டுறத நிறுத்துங்க, மழ விடட்டும். அந்த ஆளுகள எல்லாம் வாய்க்கா வெட்ட அனுப்பிருங்க." பேசிவிட்டுத் திரும்பினார். வழக்கமான "யெஸ் சார்" வரவில்லை.

ஹெட்கிளார்க் வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வைத்திருந்தார். கைகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"எக்ஸ்க்யூஸ் மீ சார்" என்றார். "வண்ஸ் மோர் ப்ளீஸ்."

துரை நின்றார். திரும்பினார். தவறாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல் பார்த்தார். பிறகு சொன்னதையே அப்படியே, அதே வேகத்தில், மறுபடி சொன்னார்.

ஹெட்கிளார்க்குக்கு அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் கழுத்து மெல்லத் திரும்பியது. என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் இதைச் செய்கிறார் என்பது அந்த முகத்தில் இருந்தது. முடியவில்லை, கைகொடு என்பதும் இருந்தது. நான் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். 'கவ்வாத்து நிறுத்தணும் சார்.' துரை, ஏதோ காற்றில் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அவருடைய பன்னிரண்டு வருஷமும் பத்திரமாக இருக்கும். நானும் இங்கேயே பத்திரமாக இருப்பேன்.

நான் கொழுந்துத் தராசின் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ப்ளீஸ் சார்" என்றார் ஹெட்கிளார்க். "நாட் அண்டர்ஸ்டாண்டிங்."

"மீ டூ, சார்" என்று பின்னாலிருந்து டீமேக்கர் குரல் வந்தது. கம்பவுண்டர் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவதுபோல. மேஸ்திரிகள் இங்கிலீஷ் தெரியாதவர்கள், அவர்களும் உயர்த்தினார்கள்.

துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வரிசைக் கடைசியில் நான். கை உயர்த்தாதவன் நான் ஒருவன்தான். என்மேல் அவர் கண் நின்றது. அப்போது அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாய்க்கால், களிம்பு, என் மேஜை, ஹெட்கிளார்க்கின் காரணம், எல்லாம். ஒருவேளை கோழிகளும்.

பிறகு அவர் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல். விரல்களைக் கத்திரியாக்கிக் காட்டினார், வேண்டாம் என்று கையை ஆட்டினார், வானத்தைக் காட்டினார், மண்வெட்டி பிடித்து வெட்டிக் காட்டினார். ஹெட்கிளார்க்கின் முகம் மலர்ந்தது. "யெஸ் சார்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னது கொட்டகைத் தகரத்தில் எதிரொலித்தது. எனக்குத் தெரிந்து அந்த மலையில் சொல்லப்பட்ட முதல் உண்மையான 'யெஸ் சார்' அதுதான்.

அன்று ரெண்டாம் பெரட்டு இல்லை. பழக்கத்தில் கொட்டகைக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இவ்வளவுதானா மென்" என்றார் டீமேக்கர். "இதுக்கா இத்தன வருசம் பயந்து செத்தோம்? எவ்வளவு நல்ல மனுசன், கேட்ட ஒடனே சொல்லிட்டாரே."

ஹெட்கிளார்க் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தார். என் விண்ணப்பத்தை வெளியே எடுத்து, மூலையில் மடங்கியிருந்ததை நீவிவிட்டு, துரையின் அறைக்குள் கொண்டுபோனார். வெளியே வந்து என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

சிறிது நேரத்தில் உள்ளே கூப்பிட்டார் துரை. அறையில் நனைந்த நாயின் வாடை. மேஜைமேல் விடுவிப்புக் கடிதம், கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. எனக்கு உங்கள் பேச்சு புரியும் துரை, முதல் மாதத்திலிருந்து புரியும், அதைப்போல ஒரு பேச்சை நான் கேட்டதில்லை என்று. நோட்டைக்கூடக் கையில் வைத்திருந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏலே என்பார் என்று நின்றேன்.

"நீங்கள்," என்றார். நிறுத்தினார். "நாளை காலை. ஜீப்பில். கீழே. செல்லலாம்." ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லையும் ரேடியோவில் பேசுகிறவரைப்போல வழுவழுப்பாகத் தேய்த்து, மேஜைமேல் தனித்தனியாக வைத்தார். ஒரு றகரம்கூட அடித்துக்கொள்ளவில்லை. பிறகு கையால் கீழே காட்டினார், பள்ளத்தாக்கு இருக்கும் பக்கம், எனக்குத் தெரியாததுபோல.

"உங்களுக்குப் புரிகிறதா?"

நோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"யெஸ் சார்" என்றேன்.